ரசீதின் முதுகு

மின்கட்டண ரசீதின் முதுகில்
நடுவாக ஒரு கோடு கிழித்தான் ஸொரான்.
இடப்பக்கம் ‘போகலாம்’, வலப்பக்கம் ‘வேண்டாம்’.
கோடு சாய்ந்துவிட்டது.
போகலாமுக்கு இடம் கொஞ்சம் தாராளம்.
வேண்டுமென்றே செய்தாயா என்றேன்.
பேனாவைக் குறைசொல்வதுபோல் பார்த்தான்.

குவீன்ஸில் எங்களுக்கு ஒன்றரை அறை.
அந்த அரை மகளுடையது.
குளியல்தொட்டிக்கு மேலே சைக்கிள் தொங்குகிறது.
மேல்வீட்டு அல்வரெங்கா இருமினால்
“உடம்பைப் பாருங்கள்” என்கிறேன் கூரையிடம்.
சில நாள் கூரை நன்றி சொல்லும்.

ஹார்லன் ஃபால்ஸில் மூன்று படுக்கையறை,
வாசலில் மேப்பிள், நிலவறையில் லேசான ஈரம்.
வீட்டுவரியை மட்டும்
பொடி எழுத்தில் எழுதினான்,
பொடியாக எழுதினால் குறையும் என்பதுபோல.
ரயில் நிலையத்தில் கார் நிறுத்தும் அனுமதிக்கு
நான்கு வருடக் காத்திருப்பு.
எங்கள் கார் அதுவரை உயிரோடிருக்காது.
அது எந்தப் பக்கம்?

தரகர் மர்லீன்
‘பன்முகம்’ என்ற சொல்லைப்
புது சமையலறை மேடைபோலத் தட்டிக் காட்டினார்.
“எல்லா மாதிரி மனிதர்களும் இங்கே உண்டு.”
இதை என்னைப் பார்த்துச் சொன்னார்.
ஸொரானைப் பார்த்து,
கூரை போட்டு எத்தனை வருடம் என்பதைச் சொன்னார்.

பொய்யில்லை, இருந்தார்கள்.
நூலகத்தில் ஹெய்தித் தகப்பன் ஒருவர்
டைனோசருக்காகக் குரல் தடித்து வாசிக்க,
அவர் முழங்காலில் சாய்ந்திருந்த ஐந்து பிள்ளைகளில்
அவருடையது எது என்று எனக்குத் தெரியவில்லை.
வெள்ளிக்கிழமைப் பின்னல் ரொட்டியைக்
கொரியப் பெண்மணி அடுக்கிக்கொண்டிருந்தார்.
யூதக் கிழவர் ஒருவர்
போன வாரம் உப்புக் குறைவு என்றார்.
எனக்கு அந்த ஊர்மேல் ஆசை வந்தது அப்போதுதான்.

பள்ளியைச் சுற்றிக் காட்டிய தமீக்கா
மாடிப்படியில் குரலைத் தாழ்த்தினாள்:
“தாழ்வாரத்தில் எல்லாரும் கலந்துதான் இருப்போம்.
மணி அடித்ததும்
உயர்கணித வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள்.”
எட்டிப் பார்த்தேன்.
அவளைப்போல், என்னைப்போல் ஒருத்திகூட இல்லை.
என் மகளுக்குக் கணக்கு வரும்.
அது நல்லதா கெட்டதா என்று
அந்தப் படியில் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை.
விடிகாலை மூன்றரைக்குக் காரோட்டி
என்னை அங்கே இறக்கிவிட்டான்,
அங்கிருந்தே வேலைக்குப் போகிறவள்போல நான் ரயிலேற.
பின்சீட்டில் மகள் போர்வையோடு தூங்கினாள்.
காசு கொடுத்துக்கூட யாரும்
இவ்வளவு பைத்தியமாக இருக்க மாட்டார்கள்.

5:52.
நடைமேடையில் ஆளுக்கொரு இடம், அளந்துவைத்ததுபோல.
யாருடைய இடத்திலோ நான் நின்றிருக்கிறேன்.
செவிலியர் காலணி போட்ட பெண் ஒருத்தி
என்னை உரசும் தூரத்தில் வந்து நின்று,
“கதவு சரியாக இங்கே திறக்கும்” என்றாள்.
பிறகு, “புதுசா?”
ஆமாம் என்றேன்.
அவள் அரையடி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பதினாறு வருடமாக இந்த ரயிலாம்.
பிள்ளைகள் எழுமுன் கிளம்பிவிடுவாளாம்.
“எதிர்வீட்டுப் பிலிப்பினோக்காரி சடை போட்டாள்,
மூலைவீட்டுப் பாதிரியார் சைக்கிள் பழக்கினார்.
தெருவே வளர்த்தது.”
பெருமையா புகாரா என்று பிடிபடவில்லை.
கேட்பதற்குள் சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.

சுற்றிப் பார்த்தேன்.
எத்தனை நிறம், எத்தனை தலைப்பாகை, முக்காடு, தொப்பி,
தோளோடு தோள் இடித்தபடி.
அந்த ஊரில் நான் கண்ட இடங்களிலேயே
நன்றாகக் கலந்திருந்தது அந்தப் பெட்டிதான்.
எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரவு ஸொரான் ரசீதை எடுத்தான்.
எத்தனை நிமிடம்?
மருத்துவமனை வாசல் வரை எழுபத்தொன்று, என்றேன்.
வலப்பக்கம் எழுதினான்.
வேறெதுவும்?
இல்லை என்றேன்.

நடைமேடையில் சொன்ன அந்த ஆமாமை
எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை.
மேலே அல்வரெங்கா இருமினார்.
“உடம்பைப் பாருங்கள்” என்றேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக.